தேனீ வளர்க்கக் கற்க வேண்டுமா? ஐப்பசியில் போங்கள்!

தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"ஒரு பெட்டியில் எத்தனை கிலோ தேன் கிடைக்கும்?"

கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல. "ஐப்பசி மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் தேனீ இருக்குமா?" என்றுதான் கேட்க வேண்டும்.

மாசி, பங்குனியில் தேன் சொட்டுவதைப் பார்த்துவிட்டுப் பலர் பெட்டி வாங்குகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் வைக்கிறார்கள். சில மாதங்கள் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருக்கும். மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை! வெறும் அடைகள்தான் இருக்கின்றன. அவற்றில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிகின்றன. கொடுத்த பணம் போயிற்று.

அந்தத் தேனீக்களுக்கு என்ன நேர்ந்தது? யாரும் திருடவில்லை. பசி தாங்காமல் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டன.

மழைக்காலத்தில் தேனீக்களைக் காப்பாற்றத் தெரிந்தவர்தான் தேனீ வளர்க்கத் தெரிந்தவர். அதை ஒரு நாள் பேச்சில் கற்றுக்கொள்ள முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, பெட்டியைத் திறந்து பார்த்துப் பழக வேண்டும்.

தோப்பில் ஒரு பள்ளிக்கூடம்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, பாபநாசம் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே மர நிழலில் முப்பது தேன்பெட்டிகளுக்கு மேல் இருக்கின்றன. வைத்திருப்பவர் தம்முடைய பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லோரும் அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஐப்பசி மாதம், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு முற்பகல். அண்ணாச்சியிடம் கற்றுக்கொள்ள மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இன்னொருவர் கணவரோடு வாழைத் தோட்டம் பார்க்கும் ஒரு பெண்மணி. மூன்றாவது ஆள் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்.

இளைஞர் தலைக்கு வாசனை எண்ணெய் தடவி, சட்டையில் செண்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"தம்பி, பொண்ணு பார்க்கவா வந்திருக்கீங்க? கிணத்தடியில போய் முகம், தலை எல்லாம் கழுவிட்டு வாங்க!"

கடுமையான வாசனை தேனீக்குப் பிடிக்காது. கறுப்புத் துணியும் ஆகாது. வெளிர் நிறச் சட்டைதான் நல்லது. பெட்டியின் வாசலுக்கு நேரே நிற்கவும் கூடாது. வருகிற தேனீ மோதும், வழி மறித்தால் கொட்டும். பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.

தென்னை நாரைச் சுருட்டிப் புகைக்கருவியில் வைத்துப் பற்ற வைத்தார் அண்ணாச்சி. வாசலில் இரண்டே தடவை புகை காட்டினார். கொஞ்சம் பொறுத்து மூடியைத் திறந்தார். புகை பட்டால் தேனீ, தீ வந்துவிட்டதோ என்று தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். வயிறு நிறைந்த தேனீ சண்டைக்கு வருவது குறைவு. அளவுக்கு மேல் புகை அடித்தாலோ, தேனீக்கள் மிரண்டுவிடும்.

பெட்டியை விரலால் லேசாகத் தட்டினார். உள்ளே இருந்து 'உஸ்...' என்று ஒரு சத்தம்! பாம்பு சீறுவது போல இருந்தது. பெண்மணி இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

"பயப்படாதே தாயி. நாங்க இருக்கோம்னு சொல்லுது. சத்தம் வந்தா நல்லது. சத்தமே வரலைன்னாத்தான் பயப்படணும்" என்றார் அண்ணாச்சி.

எந்தத் தேனீ?

நம் பக்கத்தில் தேனீக்கள் பல வகை. உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒரே பெரிய அடையாகக் கட்டுவது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் அடைக்க முடியாது. கோபக்காரத் தேனீ! சின்னக் கிளையில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் இடுக்கில் வாழ்ந்து, கொட்டாமல், மிகக் கொஞ்சமாகத் தேன் சேர்ப்பது கொசுத்தேனீ. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது இத்தாலியத் தேனீ.

மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டி வாழ்கிறதே, அதுதான் அடுக்குத் தேனீ. இந்தியத் தேனீ என்றும் சொல்வார்கள். அண்ணாச்சியின் பெட்டிகளில் இருப்பது அதுதான். இருட்டான பொந்து பழகியதால் பெட்டியையும் அது பொந்தாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒன்று. இடம் பிடிக்கவில்லை என்றால் போய்விடும். நாய், மாடு போல நம்மைச் சார்ந்து நிற்கும் பிராணி அல்ல அது.

இந்தச் சிறிய தேனீக்கு ஏற்ற பெட்டியைச் செய்தவர் திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார். 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் பலருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றுதான் பெயர். கீழே குஞ்சு வளரும் அறை, அதில் 7 சட்டங்கள். மேலே தேன் அறை. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே தேனீ நடமாடும் அளவுக்கு மட்டும் சந்து விட வேண்டும். சந்து அதிகமானால் அங்கேயும் அடை கட்டிவிடும். குறைந்தால் தேனீயால் நடமாட முடியாது. இந்தச் சந்தின் ரகசியத்தை வைத்துச் சட்டப் பெட்டி செய்யலாம் என்று 1851-ல் கண்டவர் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கர். அதற்கு முன்னால் தேன் வேண்டும் என்றால் கூட்டையே அழிக்க வேண்டியிருந்தது.

ராணியைத் தேடாதே!

அண்ணாச்சி ஒரு சட்டத்தை மெதுவாகத் தூக்கினார். அடை முழுவதும் தேனீக்கள் மொய்த்திருந்தன.

"ராணி எங்கே அண்ணாச்சி?" என்று இளைஞர் அவசரப்பட்டார்.

"ராணியைத் தேடாதீங்க தம்பி. முட்டையைத் தேடுங்க."

புதிதாக வருகிறவர்கள் ராணியைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். ஒவ்வொரு சட்டமாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் பெட்டி குளிர்ந்துவிடும், தேனீக்களுக்கும் எரிச்சல் வந்துவிடும். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும். ஆகவே அடையின் கண்ணறையில் முட்டை இருந்தால், மூன்று நாளைக்குள் ராணி அங்கே வந்து போயிருக்கிறாள் என்று அர்த்தம். பெட்டியை மூடிவிடலாம்.

முட்டையைப் பார்ப்பது எளிது அல்ல. வெள்ளை நூலைச் சிறு துண்டாக நறுக்கிக் கண்ணறையின் அடியில் நிறுத்தியது போல இருக்கும். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி திரும்பி, தோளுக்கு மேலாக வெளிச்சம் கண்ணறைக்குள் விழும்படி சட்டத்தைச் சாய்க்க வேண்டும். கண்டக்டருக்கு வயது அறுபதுக்கு மேல். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். கடைசியில் முதலில் கண்டுபிடித்தது வாழைத் தோட்டத்துப் பெண்மணிதான்!

தேனீக்களைப் பற்றி உலகத்துக்குப் பல உண்மைகளைச் சொன்ன சுவிட்சர்லாந்துக்காரர் ஹ்யூபருக்குக் கண்ணே தெரியாது. அவருடைய வேலைக்காரர் பூர்னென்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் கேள்வி கேட்டுக்கொண்டே போவார். ராணி கூட்டுக்கு வெளியே பறந்து போய்த்தான் ஆணோடு கூடுகிறது என்பது அப்படித் தெரிந்துகொண்ட உண்மைதான். அவருடைய புத்தகம் 1792-ல் வந்தது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், பார்ப்பவர் யாராக இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அண்ணாச்சி அடுத்து ஒரு சட்டத்தைக் கையில் கொடுத்து, "இதைப் படிங்க" என்றார். அடையைப் படிப்பதா? ஆமாம். நடுவில் பழுப்பு நிற மூடி போட்ட அறைகள் கூட்டுப்புழுக்கள். அதைச் சுற்றி மஞ்சளும் ஆரஞ்சுமாக நிரம்பியிருப்பது மகரந்தம், குஞ்சுகளின் சாப்பாடு. மேல் ஓரத்தில் வெள்ளை மூடியோடு இருப்பது தேன். அந்தச் சட்டத்தில் வெள்ளை மூடி இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

"கையிருப்பு அவ்வளவுதான். ஒரு வாரம் அடைமழை பிடிச்சா இந்த வீட்டில் அடுப்பு எரியாது" என்றார் அண்ணாச்சி.

பச்சைப் பாலைவனம்

தாமிரபரணிக் கரையில் பஞ்சமா? இப்படித்தான் யாரும் கேட்பார்கள். பாபநாசத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று வழி நெடுகப் பச்சைப் பசேல் என்று வயல்கள். பார்க்கிற நம் கண் குளிர்கிறது. தேனீக்கு அது பாலைவனம்!

நெல்லில் மகரந்தச் சேர்க்கை நடப்பதற்குத் தேனீயின் தயவு வேண்டியதில்லை. ஆகவே நெற்பூவில் தேன் கிடையாது. கொஞ்சம் மகரந்தம் எடுக்கலாம், அவ்வளவுதான். தேனீக்குச் சோறு போடுவது வயலைச் சுற்றி இருக்கிறவைதான். வருடம் முழுவதும் பாளை விடும் தென்னை, வாழைப்பூ, ஆற்றங்கரை மருதமரம், கோடையில் பூக்கும் வேம்பு, புளி, வரப்பில் தானாக முளைக்கும் தும்பை. வரப்புச் செடியைக் களை என்று மருந்தடித்துக் கருக்கிவிட்டால் தேனீயின் சமையலறையை இடித்தது போலத்தான்.

மழை மாதத்தில் இந்தப் பூக்களும் குறைந்துவிடும். இருக்கிற பூவிலும் தேனை மழை கழுவிவிடும். தேனீ வெளியே போகவும் முடியாது.

அப்போது என்ன செய்வது? சீனிப்பாகு கொடுக்க வேண்டும். ஒரு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர். காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள்ளே வைக்க வேண்டும். பாகில் நாலைந்து குச்சிகளை மிதக்க விட வேண்டும். இல்லாவிட்டால் தேனீ விழுந்து செத்துப்போகும். பொழுது சாய்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் மற்றப் பெட்டிக்காரர்கள் மோப்பம் பிடித்துக் கொள்ளையடிக்க வந்துவிடுவார்கள்!

"சீனி எதுக்கு அண்ணாச்சி? எங்க வீட்டில் நல்ல கருப்பட்டி இருக்கு" என்றார் பெண்மணி.

"கருப்பட்டி உனக்கும் எனக்கும் நல்லது தாயி. தேனீக்கு வயிற்றால போகும்."

இந்தப் பாகு தேனீயின் உயிர் காக்க மட்டும்தான். தை பிறந்து பூ வரத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகுதான் மேலே தேன் அறையை வைக்க வேண்டும். அப்போதும் பாகு ஊற்றிக்கொண்டிருந்து, வந்ததைத் தேன் என்று விற்பவர்களும் உண்டு. அதற்குப் பெயர் தேனீ வளர்ப்பு அல்ல.

செய்தித்தாள் வைத்தியம்

ஒரு பெட்டியைத் திறந்ததும் அண்ணாச்சியின் முகம் மாறியது. தேனீக்கள் மூன்று சட்டங்களில்தான் இருந்தன. மற்ற அடைகள் காலி. காலி அடை என்றால் மெழுகுப்பூச்சிக்குக் கல்யாண விருந்து. அந்தப் பூச்சி வந்து முட்டை வைத்தால் புழுக்கள் அடையைத் தின்று வலை பின்னிவிடும். காலி அடைகளை உடனே வெளியே எடுத்தார். மீதி மெழுகு வீணாகாது, உருக்கி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படி மெலிந்த குடும்பம் தனியாக மழையைத் தாண்டாது. பலமான குடும்பத்தோடு சேர்க்க வேண்டும். நேராகக் கொட்டிக் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். வாசனை வேறு அல்லவா?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. மெலிந்த குடும்பத்தின் ராணியை எடுத்துவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் பலமான பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் நாலைந்து துளை போட வேண்டும். அதன் மேல் மெலிந்த பெட்டியை வைத்துவிட வேண்டும். இரண்டு பக்கத்துத் தேனீக்களும் தாளைக் கடித்துக் கடித்துத் துளைக்கும். தாள் கிழிந்து வழி கிடைப்பதற்குள் வாசனை ஒன்றாகிவிடும். ஓரிரு நாளில் ஒரே குடும்பம்! செய்தித்தாளுக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது என்பதில் நமக்குப் பெருமைதான்.

மற்ற எதிரிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்க வேண்டும். மழை நாளில் கிண்ணம் நிரம்பி வழிந்து, அதில் இலை விழுந்து எறும்புக்குப் பாலமாகிவிடும். தினமும் பார்க்க வேண்டும். பல்லி, பஞ்சுருட்டான் குருவி, குளவி எல்லாம் தேனீயைத் தின்னும். ஆனால் குளவியை நம் தேனீயே பார்த்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் பந்து போலச் சூழ்ந்து, உடம்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே குளவியைக் கொன்றுவிடும்!

பூச்சிமருந்துதான் பெரிய எதிரி. பூத்திருக்கும் பயிருக்குக் காலையில் மருந்தடித்தால், வயலுக்குப் போன தேனீ வீடு திரும்பாது. அண்ணாச்சி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு வருடந்தோறும் ஒரு பாட்டில் தேன் கொடுக்கிறார். மருந்தடிக்கும் நாளை அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சாயங்காலத்தில் அடிக்கிறார்கள்.

இதற்கிடையே கண்டக்டரின் புறங்கையில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. "ஐயோ!" என்று கையை உதறினார். உதறக் கூடாது. கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுக்க வேண்டும். கொட்டிய இடத்தின் வாசனை மற்றத் தேனீக்களையும் அழைக்கும், ஆகவே அங்கே கொஞ்சம் புகை காட்ட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வீக்கமும் வலியும்தான். சிலருக்கு மூச்சுத் திணறும், உடம்பெங்கும் தடிக்கும், மயக்கம் வரும். அப்படியானால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அண்ணாச்சி இதைத்தான் முதலில் சொல்கிறார். தனியாகப் பெட்டியைத் திறக்க விடுவதில்லை.

பத்தில் ஒன்பது போயிற்று

அண்ணாச்சி தொழில் கற்றது மார்த்தாண்டத்தில். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, நாகர்கோவிலுக்கும் அப்பால் இருக்கிறது அந்த ஊர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1920-களில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையத்தை நடத்தினார். ஏழைக் குடியானவர்களுக்குக் கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு முதலியவற்றைக் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து வீடு வீடாகப் பரவிய தொழில் இது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே ரப்பர் மரம் உண்டு. மாசி மாதம் ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பிலே தேன் சுரக்கும். பூவிலே அல்ல, இலையிலே! அந்தச் சமயத்தில் பெட்டிகளை லாரியில் ஏற்றி ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது வழக்கம். இரவில்தான் ஏற்ற வேண்டும், எல்லாத் தேனீயும் வீடு திரும்பிய பிறகு.

இப்படி நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலுக்கு 1991-ல் இடி விழுந்தது. தாய்லாந்து பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் தென்னாட்டுக்கு வந்தது. மனிதருக்கு அதனால் தீங்கு இல்லை. ஆனால் தேனீயின் புழு, நீர் நிரம்பிய பை போல ஆகி, தலையைத் தூக்கியபடி கண்ணறையிலேயே சாகும். தென்னாட்டில் பத்துக் குடும்பங்களில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. தேனீயை நம்பிப் பிழைத்தவர்கள் காலிப் பெட்டிகளோடு நின்றார்கள். பலர் பெட்டியை விறகாக்கிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்.

அண்ணாச்சியிடம் அப்போது நாற்பது பெட்டிகள் இருந்தனவாம். மிஞ்சியவை மூன்று. அந்த மூன்றையும் அவர் விடவில்லை. நோயைத் தாங்கி நின்ற குடும்பம் அல்லவா? அதிலிருந்தே பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். நோயைத் தாங்கியவற்றைப் பெருக்குவதுதான் இன்றும் நல்ல வழி. வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. அந்த நோய் அடியோடு போய்விடவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு சட்டத்தையும் தூக்கும்போது அண்ணாச்சியின் கண் முதலில் புழுவைத்தான் பார்க்கிறது. முத்துப் போலச் சுருண்டு வெள்ளையாக இருந்தால் அவருக்கு நிம்மதி.

எத்தனை கிலோ?

சரி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் நாட்டுத் தேனீ ஒரு பெட்டிக்கு வருடத்தில் சாதாரணமாக 5 முதல் 10 கிலோ கொடுக்கும். ரப்பர்த் தோட்டத்துக்கு எடுத்துப் போனால் அதற்கு மேலும் கிடைக்கலாம். மழையில் பட்டினி கிடந்து மெலிந்த பெட்டியோ ஒரு கிலோவும் தராது. பூக்கும் காலம் வந்த பிறகு ஆள் சேர்க்க ஆரம்பித்தால், ஆள் சேர்வதற்குள் பூ முடிந்துவிடும். ஐப்பசியில் ஊற்றிய சீனிதான் மாசியில் தேனாகக் கணக்கு காட்டுகிறது என்கிறார் அண்ணாச்சி.

தேன் எடுக்கும்போதும் மேல் அறையில் மட்டும்தான் எடுக்க வேண்டும். வெள்ளை மூடி போட்ட அடைதான் முற்றியது. மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துவிடும். மூடியைக் கத்தியால் சீவி, இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் தேன் தெறித்து விழும். அடை உடையாது. அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடலாம். கீழ் அறைத் தேன் தேனீயுடையது, அதில் கை வைக்கக் கூடாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பச்சைக் குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயது நிறையும் வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கும், சிசுவின் வயிறு தாங்காது.

அன்று மத்தியானம் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு குடும்பம் விலைக்குக் கேட்டார்கள். அண்ணாச்சி கொடுக்கவில்லை. கார்த்திகையில் இரண்டு தடவை, மார்கழியில் இரண்டு தடவை வந்து அவர்களே பாகு காய்ச்சி வைக்க வேண்டும். அவர்களே சட்டத்தைத் தூக்கி முட்டையைக் காட்ட வேண்டும். தை பிறந்து குடும்பங்கள் பெருகியதும் பிரித்துத் தருவதாகச் சொன்னார்.

"கார்த்திகையில் மழை கொட்டுமே அண்ணாச்சி?" என்று இளைஞர் இழுத்தார்.

"குடை கொண்டாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி எறும்புக் கிண்ணத்தில் கிடந்த ஒரு தென்னங்கீற்றை எடுத்து எறிந்தார்.